காலி எடை

கெமி நகரத்துக் காகித ஆலை வாசலில்
லாரிகளை நிறுப்பது என் வேலை.
மரத்தோடு நுழையும்போது ஒரு தடவை,
இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை.
முன்னதில் பின்னதைக் கழித்தால் மரம்.
பத்தொன்பது வருடமாக
இந்தக் கழித்தலில்தான் பிழைப்பு.

என் மகன் நீலோவைத்
தனியாக நிறுக்க முடிந்ததே இல்லை.

குழந்தைகள் நல நிலையத்தில் கண்ணாடித் தராசு.
கால் வைத்தால் சில்லிடும். ஏறியதும் பீப் என்னும்.
அதற்கு அவன் போடும் கூச்சல்
கடல்மேல் பனிக்கட்டி பிளப்பதுபோல என்று சொல்லலாம்.
சொல்ல மாட்டேன்.
அது கூச்சலைப்போலத்தான் இருக்கும்.

நர்ஸ் சிர்க்கு பொறுமைசாலி.
"நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள்,
பிறகு நீங்கள் மட்டும்" என்பாள்.
எனக்கா கழித்தல் தெரியாது?
ஏழு வயதுவரை அப்படித்தான் நிறுத்தோம்.
இப்போது என்னால் தூக்க முடிவதில்லை.

ஐந்து வயதில் அவன் தின்றது ஒன்றே ஒன்று:
நீலப் பொட்டலத்தில் வரும் கரேலிய அடை.
கம்பு நிறத்து விளிம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு
நடுவில் இருக்கும் அரிசிக்குழைவு மட்டும்.
ஒரு மார்ச் மாதம் கம்பெனி
பொட்டலத்தைப் பச்சையாக்கியது.
உள்ளே அதே அடை.
பாலைத் தவிர பதினோரு நாள் எதுவும் இறங்கவில்லை.
மெர்வி பக்கத்துக் குடியிருப்பின் குப்பைத்தொட்டியில்
மூன்று பழைய உறைகளைக் கண்டெடுத்து
கழுவிக் காயப்போட்டாள்.
அவற்றுக்குள் அடைத்து அடைத்துக் கொடுத்தோம்,
நீலம் உரிந்து வெளுக்கும்வரை.
சிர்க்குவின் வளர்ச்சி அட்டையில்
அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது.

பிறகு மருந்து வந்தது.
சுவரில் தலை மோதுவது நின்றது.
இரவில் வீடு தூங்கியது, நாங்களும்.
ஆறாவது வாரம் பசி வந்தது,
வாடகைக்கு வந்தவனைப்போல அல்ல,
வீட்டுக்காரனைப்போல.
ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு வாங்கினேன்.
அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பான்
பஸ் வரும் என்று நம்புகிறவன்போல,
கோபமே இல்லாமல்.
அந்தக் கோபமின்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கழுத்து லேபிள்களை வெட்டிய அதே கத்தரியால்
மெர்வி இப்போது இடுப்புத் தையல்களைப் பிரித்து
எலாஸ்டிக் வைக்கிறாள்.
"உடம்பு நன்றாகத் தேறிவிட்டதே!" என்றாள் கடைக்காரி.
"வாயைக் கட்டக்கூடாதா?" என்றார்
அதே வரிசையில் பின்னால் நின்றவர்.
இருவருக்கும் சேர்த்து ஒரு நன்றி சொல்லிவிட்டு
பாலுக்குக் காசு கொடுத்தாள்.

மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும், என்றார் டாக்டர்.
எடை தெரிந்தால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் லாரி கிடையாது.
பதினெட்டு மீட்டர் இரும்புத் தளம்,
மேலே பொடிப்பனி. அது பீப் என்பதில்லை.
நீலோ தயங்கக்கூட இல்லை,
ஆணிகளை எண்ணிக்கொண்டே நடந்தான்.
பலகையில் சிவப்பாக 60.
எங்கள் தராசுக்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
அறுபது என்றால்
ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.
டாக்டருக்கு எதற்கும் ஆகாது.

இறங்கினான்: 0. ஏறினான்: 60.
இறங்கினான்: 0.
நாற்பது தடவையாவது இருக்கும்.
தன்னால் ஒரு எண் வருகிறது,
தான் போனால் போய்விடுகிறது.
ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரித்தான்.
அப்புறம் கூண்டுக்கு வந்து என் கைச்சட்டையைப் பிடித்து
இழுத்துப்போய்த் தளத்தில் நிறுத்தினான். 80.
தானும் ஏறி
என்மேல் சாய்ந்துகொண்டான். 140.

சீட்டு வேண்டும் என்று அடம்.
சரக்கு என்ன என்று குறிக்காமல்
இயந்திரம் சீட்டு தராது:
பைன், ஸ்புரூஸ், பிர்ச்.
பிர்ச்சை அமுக்கினேன்.
அதை மடிக்காமல் வீடுவரை கையில் பிடித்துவந்தான்.

திங்கட்கிழமை கணக்குப் பிரிவிலிருந்து ஆவ்லிஸ் கூப்பிட்டான்.
"நேற்று யாரோ நூற்று நாற்பது கிலோ பிர்ச்
கொண்டுவந்திருக்கிறார்கள்.
காலி எடை பதிவாகவில்லையே?"

இன்னும் இறக்கவில்லை, என்றேன்.